ஓர் எண்ணுக்கு இரண்டு சாட்சி

மீனம்பாக்கத்தின் பெரிய ஓடுபாதையைச் சென்னை வரைபடத்தில் கிழக்கே நீட்டிக் கோடு போட்டுப் பாருங்கள். பரங்கிமலைக்குச் சற்றுத் தெற்கே புறப்படும் அந்தக் கோடு கிண்டி, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வழியாக வந்து, மந்தைவெளியைத் தொட்டுக்கொண்டு, ஏறக்குறைய சாந்தோம் அருகே கடலில் இறங்கும். மொத்தம் பத்துப் பதினொரு கிலோமீட்டர். மேலெழும்பும் விமானத்துக்கு அது இரண்டு, மூன்று நிமிடப் பயணம். கார்த்திகை மாத அடைமழையில் மயிலாப்பூர் மாடியில் நின்றால் இரைச்சல் மட்டும் கேட்கும், விமானம் தெரியாது. விமானிக்கும் அப்படித்தான். அவர் கண்ணுக்குக் கபாலி கோயில் கோபுரமும் தெரியாது, கடலும் தெரியாது. கண்ணாடிக்கு வெளியே வெறும் சாம்பல் நிறம்.

என் சித்தப்பா நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் பேத்தி விமானிப் பயிற்சியில் சேர்ந்திருக்கிறாள். நான் அப்படிப்பட்ட மாணவர்களுக்குத் தரைவகுப்பு எடுப்பவன். மந்தைவெளியில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார்: “மேகத்துக்குள்ள போயிட்டா ஒண்ணும் தெரியாதேப்பா. அப்ப எதை நம்பி ஓட்டறாங்க?” அதற்கான பதில் வானத்தில் இல்லை. விமானம் நின்றுகொண்டிருக்கும்போது காக்பிட்டில் நடக்கும் அரைமணி நேர வேலையில் இருக்கிறது. அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே இன்னும் விரிவாக எழுதுகிறேன்.

முதலில், உடம்பை ஏன் நம்ப முடியாது என்று தெரிந்துகொள்ள வேண்டும். நம் உட்காதில் மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் இருக்கும் திரவம் அசைவதை வைத்துத்தான் மூளை ‘திரும்புகிறோம்’ என்று உணர்கிறது. விமானம் ஒரே சீராகக் கொஞ்ச நேரம் திரும்பிக்கொண்டிருந்தால் திரவமும் குழலோடு சேர்ந்து சுற்றத் தொடங்கிவிடும். அப்போது திருப்பமே இல்லை, நேராகப் போகிறோம் என்று உடம்பு சொல்லும். விமானத்தை நேராக்கினால் எதிர்ப்பக்கம் சாய்வதாகச் சொல்லும். அடிவானம் தெரிந்தால் கண் இதைத் திருத்திவிடும். மேகத்துக்குள் திருத்த ஆளில்லை. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் ஊரில் சொல்வதை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடிக்க வேண்டிய இடம் அது.

பழைய விமானிகள் தரையை விசாரித்தார்கள். 1932 அக்டோபரில் டாடா விமானத் தபால் தொடங்கியபோது கராச்சியிலிருந்து பம்பாய் வரை ஜே.ஆர்.டி. டாடா ஓட்டினார். அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். அந்தக் காலத்து விமானிக்குத் தண்டவாளமும் ஆறும் கடற்கரையும்தான் வழிகாட்டி. 1950-இல் கேப்டன் வி. சுந்தரமும் அவர் மனைவி உஷா சுந்தரமும் ‘டவ்’ என்ற சிறு விமானத்தை இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் ஓட்டிவந்தார்கள். பின்னாளில் சென்னையில் ப்ளூ கிராஸ் அமைப்பைத் தொடங்கிய அதே தம்பதிதான். வரைபடம், காந்த ஊசி, கைக்கடிகாரம், வானொலி இவற்றை வைத்துக்கொண்டு தலைக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே பறந்த தலைமுறை அது. இன்று அந்தக் கணக்கைக் கணினி போடுகிறது. பயணிகள் விமானங்கள் வெயில் நாளிலும் கருவி விதிகளின்படிதான் பறக்கின்றன. மேகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தயாரிப்பு ஒன்றுதான்.

கணினிக்கு உலகம் தெரியாது என்பதைத்தான் சித்தப்பாவிடம் அழுத்திச் சொன்னேன். நாம் சொல்லிக்கொடுத்ததை அது திருப்பிச் சொல்லும், அவ்வளவுதான். நீ எங்கே நிற்கிறாய், காற்றழுத்தம் எவ்வளவு, எந்த வழியில் போகப்போகிறாய், எவ்வளவு எடை என்று ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் விரலால் தட்டுகிறார். தட்டிய எண் தப்பென்றால், கணினி அந்தத் தப்பை மிகத் துல்லியமாக நிறைவேற்றும். ஆகவே புறப்பாட்டுக்கு முன் காக்பிட்டில் நடக்கும் வேலையின் சாரம் சுவிட்ச் போடுவது அல்ல. ஒவ்வோர் எண்ணையும், அந்த எண் வந்த இடத்தோடு சம்பந்தமில்லாத இன்னொரு இடத்தில் விசாரிப்பது. ஓர் எண்ணுக்கு இரண்டு சாட்சி வேண்டும்.

சென்னையிலிருந்து கோயம்புத்தூருக்கு ஓர் ஏர்பஸ் ஏ320 புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். இரண்டு விமானிகளும் உள்ளே வந்ததும் செய்யும் முதல் வேலைகளில் ஒன்று ‘ஏட்டிஸ்’ வாங்குவது. ஏட்டிஸ் என்பது விமான நிலையம் தொடர்ந்து ஒலிபரப்பும் வானிலைத் தகவல். எந்த ஓடுபாதை, காற்று எந்தப் பக்கம், பார்வைத் தூரம் எவ்வளவு, மேகம் எவ்வளவு தாழ்வு, வெப்பம் எவ்வளவு என்று வரிசையாக வரும். ஒவ்வொரு புதிய ஒலிபரப்புக்கும் ஓர் ஆங்கில எழுத்து அடையாளம் உண்டு. பேசும்போது விமானி அந்த எழுத்தைச் சொன்னால், இவர் எந்தத் தகவலை வைத்திருக்கிறார் என்று கட்டுப்பாட்டு அறைக்குத் தெரிந்துவிடும். அந்தத் தகவலில் மிகச் சின்னதாக, நான்கு இலக்கத்தில் ஒரு விஷயம் வரும். க்யூஎன்ஹெச். நான் மாணவர்களிடம் அதிக நேரம் பேசுவது இதைப் பற்றித்தான்.

விமானத்தின் உயரமானி உண்மையில் ஒரு காற்றழுத்தமானி. மேலே போகப் போக அழுத்தம் குறைவதை அடிக்கணக்காக மாற்றிக் காட்டுகிறது. ஆனால் தரையிலேயே அழுத்தம் நாளுக்கு நாள் மாறும். சென்னையில் கத்திரி வெயில் மதியத்தில் கடல்மட்ட அழுத்தம் 1005 ஹெக்டோபாஸ்கலுக்கும் கீழே இறங்கும். தை மாதக் காலையில் 1014, 1015 வரை ஏறும். புயல் நெருங்கினால் இன்னும் கீழே போகும். ஆகவே இன்றைய கடல்மட்ட அழுத்தம் என்ன என்று உயரமானிக்குச் சொல்லித்தர வேண்டும். அந்த எண்தான் க்யூஎன்ஹெச். தாழ்வான உயரத்தில் ஒரு ஹெக்டோபாஸ்கல் தப்பினால் ஏறத்தாழ 28 அடி தப்பும். பத்து தப்பினால் 280 அடி.

“280 அடின்னா பரங்கிமலை உசரம்டா!” என்றார் சித்தப்பா. கிட்டத்தட்ட அதுவேதான். பரங்கிமலை சுமார் 300 அடி. ஓர் இலக்கம் தவறினால் ஒரு மலையே கணக்கிலிருந்து காணாமல் போகும்.

2022 மே 23 அன்று பாரிஸின் சார்ல் து கோல் நிலையத்தில் இது நடந்தது. சுவீடனிலிருந்து வந்த ஓர் ஏ320, மழையில் ஓடுபாதையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. அப்போதைய அழுத்தம் 1001. கட்டுப்பாட்டு அறையிலிருந்து 1011 என்று சொல்லிவிட்டார்கள். விமானிகள் அதையே வைத்தார்கள். உயரமானி காட்டியதைவிட விமானம் 280 அடி கீழே இருந்தது. வெளியே எதுவும் தெரியவில்லை. ஓடுபாதை வருவதற்கு முன்பே, தரையிலிருந்து ஆறே அடி உயரம் வரை இறங்கி, அங்கிருந்து மேலேறித் தப்பியது. யாருக்கும் காயமில்லை.

புறப்படும் விமானிக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. அவருக்கு இரண்டாவது சாட்சி காலடியிலேயே கிடைக்கிறது. மீனம்பாக்கம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 50 அடி உயரத்தில் இருப்பதாக அவர் கையிலிருக்கும் வரைபடம் சொல்கிறது. க்யூஎன்ஹெச்சைச் சரியாக வைத்தால், நிற்கிற இடத்தில் உயரமானி அந்த 50 அடியை ஒட்டித்தான் காட்ட வேண்டும். 330 காட்டினால் பத்து ஹெக்டோபாஸ்கல் தவறாகக் காதில் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். கேப்டன் பக்கம், ஃபர்ஸ்ட் ஆபீசர் பக்கம், நடுவில் தனியாக இயங்கும் மாற்று உயரமானி என்று மூன்றையும் பார்த்து, காட்டும் எண்ணை வாய்விட்டுச் சொல்வார்கள். சொன்னது ஒருவர், அளந்தது இன்னொருவர், இரண்டும் ஒத்துப்போக வேண்டும். “நாங்களும் உயரம் ஏற்கெனவே தெரிஞ்ச பெஞ்ச் மார்க்ல கொண்டுபோய் முடிச்சாத்தான் லெவலிங் கணக்கை ஒத்துக்குவோம்” என்றார் சித்தப்பா. இரண்டு தொழிலுக்கும் ஒரே ஒழுங்குதான்.

அடுத்தது இடம். ஏ320-க்குள் மூன்று நிலைமக் கருவிகள் இருக்கின்றன. லேசர் ஒளியால் சுழற்சியை உணரும் கைரோக்களும், வேகமாற்றத்தை உணரும் கருவிகளும் அவற்றுக்குள் உண்டு. புறப்பாட்டுக்கு முன் இவற்றை இயக்கி, சுமார் பத்து நிமிடம் விமானத்தை அசைக்காமல் வைத்திருக்க வேண்டும். மேஸ்திரி ரசமட்டத்தைச் சுவரில் வைத்துவிட்டு, குமிழி நிற்கும்வரை கையை எடுத்துக்கொள்வாரே, அந்தப் பொறுமைதான் இது. அந்த நேரத்தில் கருவி புவியீர்ப்பை உணர்ந்து ‘கீழ்’ எது என்று கண்டுபிடிக்கிறது. பிறகு மணிக்கு 15 டிகிரி வீதம் பூமி சுழல்வதையே உணர்ந்து ‘வடக்கு’ எது என்று கண்டுபிடிக்கிறது. காந்தம் எதுவும் தேவையில்லை. நிலநடுக்கோட்டுக்கு அருகே இந்த வேலை சீக்கிரம் முடியும். துருவத்தை நோக்கிப் போகப் போக நேரம் பிடிக்கும். போயிங் 737 வகையில் நிலநடுக்கோட்டில் ஏறத்தாழ 5 நிமிடம், 70 டிகிரி அட்சத்துக்கு மேலே 17 நிமிடம். 13 டிகிரியில் இருக்கும் சென்னை இந்த விஷயத்தில் கொடுத்துவைத்த ஊர்.

பூமியின் சுழற்சியை வைத்துக் கருவியால் தன் அட்சரேகையைத் தானே சோதித்துக்கொள்ள முடியும். தீர்க்கரேகையை முடியாது. ஒரே அட்சத்தில் சென்னையில் நின்றாலும் ஆப்பிரிக்காவில் நின்றாலும் பூமி ஒரே மாதிரிதான் சுழல்கிறது. ஆகவே தீர்க்கரேகையை வெளியிலிருந்து யாராவது சொல்லித்தர வேண்டும். இப்போது பெரும்பாலும் ஜிபிஎஸ் சொல்லிவிடுகிறது. சில சமயம் விமானி தட்டுகிறார்.

2015 மார்ச் 10 அன்று சிட்னியில் ஏர் ஏஷியா எக்ஸ் நிறுவனத்தின் ஏ330 கோலாலம்பூருக்குப் புறப்படத் தயாரானது. நம் ஊர்க்காரர்கள் பலர் கோலாலம்பூர் வழியாக ஆஸ்திரேலியா போய்வரும்போது ஏறும் வகை விமானம்தான். நிறுத்துமிடத்தில் எழுதியிருந்த ஆயத்தொலைவைப் பார்த்துக் கேப்டன் தட்டினார். 151 டிகிரி 09.8 நிமிடம் என்று இருக்க வேண்டியது, 15 டிகிரி 19.8 நிமிடம் என்று பதிந்துவிட்டது. 15109.8-க்குப் பதில் 01519.8. முன்னால் ஒரு பூஜ்யம் சேர்ந்து இலக்கங்கள் நகர்ந்துவிட்டன. அட்சரேகை சரியாக இருந்ததால் கருவி ஏற்றுக்கொண்டது. 11,000 கிலோமீட்டருக்கும் அப்பால், தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் அருகே நிற்பதாக விமானம் நினைத்துக்கொண்டது. எச்சரிக்கைகள் வந்தன, ஆனால் அவற்றின் பொருள் பிடிபடவில்லை. மேலெழும்பித் தானியங்கி ஓட்டியைப் போட்டதும் விமானம் இடப்பக்கம், பக்கத்து ஓடுபாதையின் புறப்பாட்டுப் பாதையை நோக்கித் திரும்பியது. அதைச் சமாளித்தாலும், பறந்துகொண்டே கருவிகளைச் சரிசெய்யப் பார்த்ததில் நிலைமை இன்னும் மோசமானது. சிட்னியில் மேகம் தாழ்ந்துவிட்டதால் வானம் தெளிவாக இருந்த மெல்பர்னுக்குப் போய்த்தான் இறங்க முடிந்தது.

அதே சறுக்கல் மீனம்பாக்கத்தில் நடந்தால் என்ன ஆகும் என்று சித்தப்பாவுக்குத் தாளில் போட்டுக் காட்டினேன். நம் நிலையம் வடக்கே ஏறக்குறைய 13 டிகிரி, கிழக்கே 80 டிகிரி 10 நிமிடம். 08010 என்பதை 00801 என்று தட்டினால் விமானம் நைஜீரியாவின் வட எல்லைக்குப் போய்விடும். இதற்கு இரண்டாவது சாட்சி கணினித் திரையில் இருக்கும் வரைபடம். விமானத்தின் சின்னம் ஓடுபாதைக்குப் பக்கத்தில் நிற்கிறதா? புறப்படும் ஓடுபாதை அதற்கு முன்னால் இருக்கிறதா? எண்களைப் படிக்கும் கண்ணுக்குத் தப்புவது படத்தைப் பார்க்கும் கண்ணுக்குச் சிக்கும்.

சித்தப்பா இங்கே தன் தொழிலின் ஆதிகதையைச் சொன்னார். 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்ப்டன் இந்தியாவை அளக்கும் பெரும் பணியைப் பரங்கிமலையிலிருந்துதான் தொடங்கினார். அங்கிருந்து தெற்கே ஏழரை மைல் நீளத்துக்குச் சங்கிலி போட்டு ஓர் அடிக்கோட்டை அளந்தார். பிறகு முக்கோணம் முக்கோணமாகக் கணக்குப் போட்டுக்கொண்டே மேற்கே போனார். பெங்களூர் பக்கம் போனதும் கணக்கை மட்டும் நம்பி மேலே போகவில்லை. 1804-இல் அங்கே இன்னோர் அடிக்கோட்டைச் சங்கிலியால் நேரடியாக அளந்து, கணக்கில் வந்த நீளத்தோடு ஒப்பிட்டார். இரண்டும் ஒத்துப்போன பிறகே அடுத்த முக்கோணம். ஓடுபாதைக்குப் பக்கத்திலேயே நிற்கிறது அந்த மலை. அங்கே தொடங்கிய பழக்கத்தைத்தான் இன்றும் ஒவ்வொரு விமானியும் செய்ய வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, வழி. வழித்தடங்கள், வழிப்புள்ளிகள், ஓடுபாதைகள் எல்லாம் கணினியின் தரவுத்தளத்தில் இருக்கும். உலகம் முழுவதும் அது 28 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. இன்றைய தேதி அந்த 28 நாளுக்குள் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு பாதையைப் புள்ளி புள்ளியாக உள்ளிட்டு, ஒருவர் கணினியிலிருந்து படிக்க, மற்றவர் தாளிலோ கைக்கணினியிலோ இருக்கும் பறப்புத் திட்டத்தோடு ஒப்பிடுகிறார். ஒவ்வொரு புள்ளிக்கும் திசை, தூரம், உயரக் கட்டுப்பாடு மூன்றும் பொருந்த வேண்டும். கடைசியில் மொத்தத் தூரம். சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் நேர்க்கோட்டில் சுமார் 400 கிலோமீட்டர். கணினி 700 என்று காட்டினால் எங்கோ ஒரு புள்ளி வழிதவறிப் போயிருக்கிறது.

இதன் பிறகு கிளியரன்ஸ் வரும். எதுவரை போக அனுமதி, எந்தப் புறப்பாட்டு வழி, முதலில் எவ்வளவு உயரம், எந்த அலைவரிசை, எந்த ஸ்க்வாக் எண் என்று கட்டுப்பாட்டு அறை சொல்லும். விமானி எழுதிக்கொண்டு திருப்பிச் சொல்வார். அதுதான் ரீட்பேக். அந்தப் பக்கம் கேட்டுச் சரி என்று சொன்ன பிறகே அது செல்லும். ஸ்க்வாக் என்பது ராடார் திரையில் இந்த விமானத்தை அடையாளம் காட்டும் நான்கு இலக்க எண். ஒவ்வோர் இலக்கமும் 0 முதல் 7 வரைதான். ஆக மொத்தம் 4,096 எண்கள். 7500 கடத்தலுக்கும், 7600 வானொலி செயலிழப்புக்கும், 7700 அவசரநிலைக்கும் ஒதுக்கப்பட்டவை. அதனால் எண்ணைத் தட்டும்போது அவற்றில் தவறியும் விரல் படக்கூடாது. முதல் உயரத்தை முன்பலகையில் வைத்ததும் இருவரும் அதை விரலால் சுட்டிக்காட்டி வாய்விட்டுச் சொல்வார்கள். சடங்கு மாதிரித் தோன்றும். தலைக்கு மேலே இன்னொரு விமானம் குறுக்கே போய்க்கொண்டிருக்கலாம் என்பதை நினைத்துப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

நான்காவது, தரையிலிருந்து வரும் குரல். விமானத்துக்குத் திசை காட்டும் சென்னையின் விஓஆர் வானொலி நிலையத்துக்கு எம்எம்வி என்று பெயர். அலைவரிசையை வைத்ததும் ஊசி அசைந்துவிட்டது என்று நம்பிவிடக் கூடாது. மோர்ஸ் ஒலியில் அந்த நிலையம் தன் பெயரைச் சொல்லிக்கொண்டே இருக்கும்: தா தா, தா தா, தி தி தி தா. பழைய கருவியில் காதால் கேட்க வேண்டும். புதிய கருவி அதைப் படித்து எழுத்தாகக் காட்டும். பெயர் வரவில்லை என்றால் நிலையம் பழுதுபார்ப்பில் இருக்கலாம், அல்லது அலைவரிசை தவறியிருக்கலாம். ஜிபிஎஸ் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நம் இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து அமைத்த ககன் அமைப்பு ஜிபிஎஸ்ஸை இன்னும் துல்லியமாக்கியிருக்கிறது. 2022 ஏப்ரலில் ராஜஸ்தானின் கிஷன்கட்டில் ஓர் இண்டிகோ விமானம் அதன் வழிகாட்டுதலில் இறங்கியும் காட்டியது. அதே சமயம் ஜிபிஎஸ் அலையை மறிப்பதும், பொய் அலையை அனுப்பி ஏமாற்றுவதும் கூடிவருகின்றன. 2023 நவம்பரில் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏ இதைப் பற்றி விமான நிறுவனங்களை எச்சரித்தது. வானத்துச் சாட்சி விலை போய்விட்டால், தரையில் நிற்கும் எம்எம்வி தன் பெயரைச் சொல்லிக்கொண்டு இருக்க வேண்டும்.

ஐந்தாவது, விமானம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று காட்டும் அடிவானங்காட்டி. இதைச் சொல்லும்போது எனக்கு எப்போதும் மனம் கனக்கும். 1978 ஜனவரி 1 இரவு, பம்பாயிலிருந்து துபாய்க்குப் புறப்பட்டது ஏர் இந்தியாவின் போயிங் 747. ‘எம்பரர் அசோகா’ என்று பெயர். கடலுக்கு மேலே, இருட்டில், கேப்டன் பக்கத்து அடிவானங்காட்டி பழுதாகி, விமானம் வலப்பக்கம் சாய்ந்திருப்பதாகவே காட்டிக்கொண்டிருந்தது. உண்மையில் விமானம் நேராகத்தான் இருந்தது. அவர் அதை நம்பி இடப்பக்கம் சாய்த்தார், மேலும் சாய்த்தார். புறப்பட்டு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பாந்த்ரா கரைக்கு அப்பால் விமானம் கடலில் விழுந்தது. 213 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. காக்பிட்டில் வேறு அடிவானங்காட்டிகளும் இருந்தன. அவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சில நொடிகள் போதும். அந்தச் சில நொடிகளில், இருட்டில், எந்தக் கருவி பொய் என்று முடிவெடுப்பது எவ்வளவு கடினம் என்பதை நாம் பணிவோடு ஒத்துக்கொள்ள வேண்டும். அந்த முடிவுக்கு மனதைப் பழக்கும் இடம் தரைதான். கேப்டன் பக்கம், ஃபர்ஸ்ட் ஆபீசர் பக்கம், மாற்றுக் கருவி மூன்றும் ஒன்றுபோல் நிற்கின்றனவா என்று ஒவ்வொரு முறையும் பார்ப்பவருக்கு, மேலே போய் ஒன்று மாறினால் கண் தானாக மற்ற இரண்டுக்கும் போகும்.

கடைசியாக எடை. எடையை வைத்துத்தான் எந்த வேகத்தில் மூக்கைத் தூக்க வேண்டும், எவ்வளவு இயந்திர விசை தேவை என்று கணக்கு வரும். 2009 மார்ச் 20 அன்று மெல்பர்னில் எமிரேட்ஸின் ஏ340 துபாய்க்குக் கிளம்பியது. 362.9 டன்னுக்குப் பதில் 262.9 டன் என்று ஓர் இலக்கம் தவறிப் பதிந்திருந்தது. நூறு டன் குறைவு. விசை போதவில்லை. வால் ஓடுபாதையில் உரசியது. ஓடுபாதை தீர்ந்த பிறகே விமானம் எழும்பியது, அப்போதும் அங்கிருந்த அலைக்கம்பங்களில் மோதிக்கொண்டு. 275 பேரோடு எப்படியோ பத்திரமாகத் திரும்பி இறங்கியது. சரிபார்க்கும் முறைகள் அங்கேயும் இருந்தன. ஆனால் ஒரே தவறான எண் ஒரு தாளிலிருந்து இன்னொரு தாளுக்கு நகர்ந்தால் அது இரண்டு சாட்சி ஆகாது. எடைச்சீட்டிலிருந்து ஒருவரும், எரிபொருள் கணக்கைக் கூட்டி மற்றொருவரும் தனித்தனியாக அதே எண்ணுக்கு வந்துசேர வேண்டும்.

இத்தனையும் முடிந்த பிறகு சென்னையில் ஒரு சோதனை காத்திருக்கும். கோடையில் காலை முழுதும் மேற்கிலிருந்து காற்று வீசும். விமானங்கள் மேற்கு நோக்கிய 25-ஆம் ஓடுபாதையில் புறப்பட்டுக்கொண்டிருக்கும். மதியவாக்கில் மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் நாம் ஏங்கிக் காத்திருக்கும் கடற்காற்று உள்ளே வரும். மீனம்பாக்கத்தை அது எட்டியதும் காற்று திரும்பிவிடும். விமானம் எதிர்காற்றில்தான் எழும்ப வேண்டும், ஆகவே ஓடுபாதை கிழக்கு நோக்கிய 07 ஆகும். கதவு சாத்தித் தயாராக நிற்கும் விமானத்தில் புறப்பாட்டு வழி, வேகங்கள், முதல் திருப்பம், அவசரமாகத் திரும்ப வேண்டியிருந்தால் இறங்க வழிகாட்டும் ஐஎல்எஸ் கருவியின் அலைவரிசை எல்லாம் மாறும். எல்லாவற்றையும் இருவரும் முதலிலிருந்து படித்து ஒப்பிட வேண்டும். அவசரத்தில் செய்யும் பாதித் திருத்தம்தான் இருப்பதிலேயே ஆபத்தானது. ஓடுபாதை மாறியிருக்கிறது, பத்து நிமிடம் ஆகும் என்று கேப்டன் அறிவித்தால் அவர் செய்துகொண்டிருப்பது இந்த வேலைதான். அந்தப் பத்து நிமிடத்தை அவருக்கு மனமாரக் கொடுக்க வேண்டும்.

கருவி இருந்தால் எந்த மழையிலும் பறந்துவிடலாம் என்றும் நினைக்கக் கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும், 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயலின்போதும் சென்னை விமான நிலையத்தை மூடினார்கள். 2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்து ஓடுபாதைக்கே வந்தபோது பல நாள் மூடிக்கிடந்தது. எல்லைக்கு அப்பால் போகக் கூடாது என்று தெரிந்திருப்பதும் இந்தத் தொழிலின் பாடம்தான்.

சித்தப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில் கேட்டார்: “பெரிய விமானத்துல ரெண்டு பேர். நம்ம பொண்ணு செஸ்னாவுல தனியா போகும்போது ரெண்டாவது சாட்சி யாரு?”

நல்ல கேள்வி. அவளுடைய செஸ்னா 172-இல் ஒரே இயந்திரம், எளிய கருவிகள். இயந்திரத்தை இயக்கும்போது ஏற்படும் மின்னழுத்த ஏற்ற இறக்கம் நுண்கருவிகளைத் தாக்காமல் இருக்க, ஏவியானிக்ஸ் சுவிட்சை இயந்திரம் ஓடத் தொடங்கிய பிறகே போடச் சொல்லிக்கொடுப்பார்கள். அதன் பிறகு அவளுக்குச் சாட்சிகள் நிறைய. தரை உருட்டலில் இடப்பக்கம் திரும்பும்போது திசைகாட்டியின் எண் குறைய வேண்டும், திருப்பங்காட்டி இடப்பக்கம் சாய வேண்டும், அதிலிருக்கும் குண்டு வலப்பக்கம் ஓட வேண்டும், அடிவானங்காட்டி மட்டும் அசையாமல் நிற்க வேண்டும். ஒரு திருப்பத்தில் நான்கு கருவிகளும் சோதனையாகிவிடும். கிளியரன்ஸைக் கையால் எழுதிக்கொள்ளட்டும். எழுதியது ஒரு சாட்சி, ரீட்பேக்கைக் கேட்டுச் சரி சொல்லும் குரல் இன்னொன்று. நிற்கும் தரையின் உயரம் உயரமானிக்குச் சாட்சி. ஓடுபாதையின் நடுக்கோட்டில் நின்றதும் அங்கே பெரிதாக எழுதியிருக்கும் எண்ணே திசைகாட்டிக்குச் சாட்சி: 07 என்றால் 70 டிகிரிக்கு அருகே காட்ட வேண்டும்.

நான் சித்தப்பாவிடம் அவளுக்குச் சொல்லி அனுப்பியது இதுதான். ஒவ்வோர் எண்ணையும் விரல் வைத்து, வாய்விட்டுப் படி. பக்கத்தில் யாரும் இல்லாவிட்டாலும் படி. ஒன்று பொருந்தவில்லை என்றால் ‘மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று கிளம்பாதே. கட்டுப்பாட்டு அறையிடம் தயாராக இல்லை என்று சொல், இயந்திரத்தை நிறுத்த வேண்டியிருந்தால் நிறுத்து, பயிற்சி நேரம் வீணானால் ஆகட்டும். அப்படிச் சொன்னதற்காக எந்த நல்ல ஆசிரியரும் உன்னைக் குறைத்து மதிப்பிட மாட்டார்.